கொக்லுவும் வொய்லியும் என் சனிக்கிழமைச் சோறும்

தம்பி,

உன் மடிக்கணினியைத் திறக்க வந்த இடத்தில் இந்தக் கடிதத்தைக் கண்டிருப்பாய். பக்கத்தில் ஒரு நீலக் கொப்பியும் இருக்கும். அதைப் பிறகு பார்க்கலாம், முதலில் இதை வாசி. தமிழ் வாசிக்க உனக்கு நேரம் எடுக்கும். எடுக்கட்டும். நான் செய்த காரியத்தை நீ அவசரமாக வாசித்துத் தாண்டிப் போவதில் எனக்கு விருப்பமில்லை. இதை நேரிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உன்னை எனக்குத் தெரியாதா? நான் பாதி சொல்லி முடிக்கும் முன்னரே "பரவாயில்லை அம்மா, விடுங்கோ" என்று எழுந்து தேத்தண்ணி போடப் போய்விடுவாய். சின்ன வயதிலிருந்தே மற்றவர் முகம் வாடினால் உனக்குத் தாங்காது. அந்தக் குணத்துக்குப் பின்னால் நான் மூன்று வருடமாக ஒளிந்துகொண்டிருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தை இடைமறித்து நீ ஒன்றும் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். உனக்கு வேலை தந்த அவுஸ்திரேலியாக்காரருக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும் என்று நீ முன்னமே சொல்லியிருந்தாய். நீ போவதாகவே முடிவுகட்டிக்கொண்டு அப்பா, அங்கத்தைய வெயிலுக்கு எப்படிப்பட்ட தொப்பி வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். நீ சோற்றைப் பிசைந்தபடியே, தலை நிமிராமல், "நான் போகேல்லை அப்பா. வரேலாது எண்டு எழுதப்போறன்" என்றாய். அப்பா விளையாட்டாகத்தான் கேட்டார், "என்னடா, கங்காரு எலிக்குப் பயந்துட்டியோ?" என்று. நீ சிரிக்கவில்லை. "தாய் வொய்லியளைக் கையில தூக்கோணும் எண்டு சொல்லுகினம். என்னால ஏலாது. நான் கிட்டப் போனா எல்லாம் செத்துப்போகுது. கொக்லுக் குருவியளில பார்த்தாச்சுத்தானே" என்றாய். அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். தயிர் மேசையில் இருக்கும்போதே தயிர் எடுத்து வருகிறேன் என்று நான் குசினிக்குள் போனேன். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றேன்.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். நீ போகவில்லை என்று சொன்ன உடனே எனக்குள் முதலில் வந்தது சந்தோஷம். இருக்கிற ஒரே பிள்ளை, உலகத்தின் அந்தப் பக்கத்துக்குப் போகாமல், மொன்றியலில், இந்த வில்லரே வீட்டு மூன்றாம் மாடியிலேயே எங்களோடு இருக்கப்போகிறது என்ற சந்தோஷம். நீ அந்த வேலைக்கு விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து, அது கிடைக்கக்கூடாது என்று சாமிப்படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டவள் நான். வாயை மூடிக்கொண்டு இருந்தாலே போதும், நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிடும். குழாய் ஓடிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் இவ்வளவும் யோசித்துவிட்டேன். பிறகுதான் நீ சொன்ன மற்ற வசனம் காதில் திரும்பக் கேட்டது. நான் கிட்டப் போனா எல்லாம் செத்துப்போகுது. இருபத்தாறு வயதுப் பிள்ளை தன்னைப் பற்றி நம்பிக்கொண்டிருக்கிற விஷயமா இது? அதை உன்னை நம்பவைத்தது யார் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

போன மாதம் நீ நேர்முகத்துக்கு ஒத்திகை பார்த்த பின்னேரம் ஞாபகம் இருக்கிறதா? குளிர்ப்பெட்டிக் கதவில் இரண்டு படம் ஒட்டினாய். இடது பக்கம் எங்கள் புல்வெளிக் குருவி கொக்லு, வலது பக்கம் அவுஸ்திரேலியாவின் வொய்லி. அப்பாவையும் என்னையும் கதிரையில் இருத்தி, நாங்கள்தான் அவுஸ்திரேலியாக்காரர் என்றாய். வொய்லியைக் கண்டதும் அப்பா, "உது எலியெல்லோ?" என்றார். "எலி இல்லை அப்பா, கங்காருவின்ர சொந்தக்காரர். வயித்தில பை இருக்கு" என்று நீ பொறுமையாக விளங்கப்படுத்தினாய். ஒன்று வானத்தில் பறந்து கண்டம் விட்டுக் கண்டம் போகிற பாட்டுக்காரன், மற்றது பிறந்த காட்டைத் தாண்டாத சின்ன மிருகம். ஆனாலும் இரண்டும் தரையில்தான், புல்லால்தான் கூடு கட்டுகின்றன. வொய்லி அந்தப் புல்லை வாலால் சுருட்டிப் பிடித்துக்கொண்டு துள்ளிப் போகும் என்று நடித்தும் காட்டினாய். இரண்டும் குறைந்துகொண்டு வருவதற்குக் காரணம் மனிதர்கள்தான். ஆனால் காப்பாற்றும் வழி வேறு. கொக்லுவுக்கு நாங்கள் பொறுத்திருந்தால் போதும். குஞ்சு பறக்கும்வரை விவசாயி புல்லை வெட்டாமல் இருக்க வேண்டும். வொய்லிக்குப் பொறுமை உதவாது. வெளியிலிருந்து கொண்டுவந்துவிட்ட நரியும் பூனையும் நுழையாமல் வேலி போட வேண்டும். அப்பா உடனே, "அப்ப இந்த வீட்டில பொறுத்திருக்கிற ஆள் நான், வேலி போடுற ஆள் உன்ர அம்மா" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். நான் கொஞ்சம் குறைவாகத்தான் சிரித்தேன்.

பிறகு நீ ஒன்று சொன்னாய். நரி துரத்தும்போதோ, பொறியில் அகப்பட்டுப் பயந்துபோகும்போதோ, தாய் வொய்லி பையிலிருக்கும் குட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவிடும் என்றாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உதெல்லாம் ஒரு தாயே?" என்று கேட்டேன். நீ என்ன சொன்னாய் தெரியுமா? "அது கெட்ட தாய் இல்லை அம்மா. பயந்த தாய். அதாலதான் தூக்குற ஆக்கள் கவனமாத் தூக்கோணும். இருட்டுப் பைக்குள்ள வைச்சு, சத்தம் போடாமல், பையின்ர வாயை மெல்ல மூடிப் பிடிச்சு…" என்று உன் இரண்டு கையையும் குவித்துக் காட்டினாய். நான் உன் கைகளைப் பார்த்தேன். அவை பக்குவமாகக் குவிந்திருந்தன.

இப்போது அந்தக் கோடைகாலத்துக்கு வருகிறேன். நீ பட்டமேற்படிப்புக்கு சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பல்கலைக்கழக வளாகத்தில் சேர்ந்த முதல் வருடம். இரண்டாம் தடவையும் வாகனப் பரீட்சையில் தவறியிருந்தாய். வார நாட்களில் யாராவது உன்னைக் கொக்லு ஆராயும் புல்வயலுக்கு ஏற்றிக்கொண்டு போவார்கள். சனிக்கிழமையில் ஒருவரும் இல்லை. பஸ்ஸை நம்பிப் போனால் பறவை பாடி முடித்துப் படுக்கப் போய்விடும் என்றாய். எனக்கோ சனிக்கிழமை, நான் சமைக்கிற குழந்தைகள் காப்பகம், கார்டெரி, பூட்டு. ஆகவே நான் சாரதியானேன். விடிந்தும் விடியாத நேரத்தில் நெடுஞ்சாலையில் நாங்கள் இரண்டு பேரும். நீ வாசலில் ஏறியதுமே நித்திரையாகிவிடுவாய். உன் வாய் திறந்திருக்கும். எத்தனையோ வருடம் நான் இரண்டு வேலை செய்து, நீ பள்ளிக்கூடம் போகும்போதும் நான் வீட்டில் இல்லை, வரும்போதும் இல்லை. உன் பால் பல் விழுந்ததைக்கூட அப்பாதான் சொல்லிக் கேட்டேன். அந்தச் சனிக்கிழமைகளில் நீ என் பக்கத்தில் நித்திரைகொள்ள, நான் வாகனம் ஓட்டிக்கொண்டு போனது எனக்குக் கிடைத்த பெரிய வரம். இதை நான் உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

நீ பரீட்சையில் தவறியதற்கு நான் ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தேன். ரொறன்ரோச் சாத்திரியாருக்குத் தொலைபேசி எடுத்தேன். உனக்கு ஏழரைச் சனி என்றார். சனிக்கிழமைதோறும் தாய் விரதமிருந்து, எள்ளுச் சோறு சமைத்து, காகத்துக்கு வைத்துவிட்டுச் சாப்பிட்டால் பிள்ளைக்கு வரும் கெடுதல் விலகும் என்றார். வாகனப் பரீட்சையில் இடது பக்கம் திரும்பும்போது கண்ணாடியைப் பார்க்காததுதான் காரணம் என்று நீ சொன்னாய். அதற்கும் சனிதான் காரணம் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். முதலில் எங்கள் பால்கனியில்தான் வைத்துப் பார்த்தேன். காகம் வந்தால்தானே! புறாவும் அணிலும் சண்டை பிடித்துத் தின்றன. கீழ்வீட்டு மனிசி முறைப்பாடு செய்ய, வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போனார். இந்த ஊரில் ஒரு காகத்துக்குச் சோறு போட இடமில்லையே என்று எனக்கு ஆத்திரம். அந்த நேரத்தில்தான் நீ என்னை அந்த வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனாய். ஓரத்தில் பெரிய மேப்பிள் மரம். அதன் உச்சியில் இரண்டு காகம்.

முதல் நாளே நீ என்னிடம் சொல்லியிருந்தாய்: "அம்மா, சாப்பாட்டு மிச்சம் ஒண்டும் வெளியில போடாதேங்கோ. மிருகங்கள் பழகிடும்." நான் ஓம் என்று தலையாட்டினேன். எனக்கு விளங்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். நன்றாக விளங்கியது. ஆனால் நீ தடுத்தது மிச்சத்தைத்தானே, நான் வைக்கப்போவது மிச்சமல்லவே, வாயில் ஒரு பருக்கை படுமுன் எடுத்துவைக்கும் முதற்சோறல்லவா என்று எனக்கு நானே வழக்காடி வென்றேன். அதுவும் யாருக்காக? உனக்காக. நீ வயலின் அந்தத் தொங்கலுக்குப் போனதும், விவசாயி பொறுக்கிப் போட்டிருந்த கற்குவியலின் மேல், தட்டையான ஒரு கல்லாகப் பார்த்து, ஒரு கைப்பிடி எள்ளுச் சோறு வைத்தேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்லிய குரலில் கா கா என்று கூப்பிட்டேன். மொன்றியல் காகத்துக்கு அந்தப் பாஷை விளங்காதென்று நினைத்தேன். அரை மணித்தியாலத்தில் வந்தது. தம்பி, நான் அழுதுவிட்டேன். உன் சனி இறங்கிவிட்டது என்று நினைத்தேன்.

நீ எனக்கு அந்தக் கொப்பியைத் தந்ததும் அந்த முதல் நாள்தான். நான் காருக்குள் சும்மா இருந்து சலித்துப்போகக் கூடாதென்று, "நீங்கள் காண்கிற பறவையை எல்லாம் நேரம் போட்டு எழுதுங்கோ, நீங்கள்தான் என்ர உதவியாளர்" என்றாய். பகிடிக்குச் சொன்னாயோ என்னவோ, நான் அதைப் பெரிய உத்தியோகமாக எடுத்துக்கொண்டேன். இந்த நாட்டில் இருபத்தெட்டு வருடம். உடுப்புத் தைக்கும் இடத்தில், பாத்திரம் கழுவும் இடத்தில், கார்டெரிக் குசினியில், எத்தனை செய்தாய், எத்தனை மணிக்கு வந்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். நீ என்ன பார்த்தாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. நீதான் முதலில் கேட்டாய். உன் பேராசிரியை ஒருநாள் வந்தபோது, கூச்சப்படாமல், நல்லெண்ணெய் மணக்கும் என் கையைப் பிடித்து அவவுக்கு முன் நிறுத்தி, என் அம்மா, எங்கள் குழுவில் ஒருவர் என்று பிரெஞ்சில் சொன்னாய். அதற்கு நான் உனக்கு நன்றி சொல்ல மறந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

உன்னால்தான் நான் கொக்லுவைப் பார்த்தேன். ஆண்பறவை, சட்டையை முன்பின் மாற்றிப் போட்டதுபோல், வயிறு கறுப்பும் முதுகு வெள்ளையும் பிடரியில் மஞ்சளுமாய். அதன் பாட்டு, எங்கள் பழைய வானொலியில் நிலையம் தேடித் திருகும்போது வரும் சத்தம். பெண்ணுக்கு ஒரு அலங்காரமும் இல்லை; சாம்பலும் மண்ணிறமும்தான். ஆனால் கெட்டிக்காரி. கூட்டிலேயே இறங்க மாட்டாள். தள்ளி எங்கேயோ இறங்கி, புல்லுக்கு அடியால் நடந்து போவாள். "அவ இறங்கின இடத்தைப் பார்த்து ஏமாறாதேங்கோ அம்மா, பேந்து எங்கயிருந்து எழும்புறா எண்டு பாருங்கோ" என்று நீ சொல்லித் தந்தாய். ஐந்து கூடு கண்டுபிடித்தாய். ஒவ்வொன்றுக்கும் பத்தடி தள்ளி அடையாளத்துக்கு ஒரு செம்மஞ்சள் துணிக்கொடி. மூன்றாம் கூட்டை எனக்கும் காட்டினாய். புல்லை இரண்டு விரலால் விலக்க, உள்ளே ஐந்து வாய். நான் மூச்சு விடவில்லை.

எங்கள் வயலைத் தேடி அத்தனை ஆயிரம் மைல் பறந்து வந்த தாய்ப்பறவை அது. நான் வந்ததோ வில்லரேயிலிருந்து, கையில் எள்ளுச் சோற்றோடு. மூன்றாம் சனிக்கிழமைக்குள் காகங்களுக்கு எங்கள் கார் தெரிந்துவிட்டது. நான் கதவைத் திறக்கும்போதே மேப்பிளிலிருந்து இறங்கிவிடும். இரண்டு, நாலாகி, ஆறாகியது. எனக்குப் பெருமையாக இருந்தது. நீ கொப்பியை வாசிக்கச் சொல்லும்போது கொக்லு வரிகளை மட்டும் வாசித்தேன். காகம் வருகிற வரிகளைத் தாண்டினேன். அந்தச் சனிக்கிழமையே முதலாம் கூடும் இரண்டாம் கூடும் வெறுமையாய்க் கிடந்தன. "சில வேளை இப்பிடி நடக்கும்" என்றாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

நாலாம் சனிக்கிழமை. நீ வயலின் அந்தத் தொங்கலில் நாலாம் கூட்டுப் பக்கம் போயிருந்தாய். நான் சோறு வைத்துவிட்டுக் காருக்குள் வந்து என் பங்கைச் சாப்பிட இருந்தேன். ஒரு காகம் கல்லில் இரண்டு வாய் கொத்தியது. பிறகு எழும்பி, வயலுக்குள் போய், மூன்றாம் கூட்டின் கொடிக்குப் பக்கத்தில் புல்லுக்குள் இறங்கியது. தாய்க் கொக்லு கத்திக் கத்தி அதன் தலைக்கு மேல் அடித்தாள். காகம் மேலே வந்தபோது அதன் அலகில் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மரத்துக்குப் போயிற்று. திரும்பி வந்தது. நான் கதவைத் திறந்து ஓடினேன், கையைத் தட்டினேன், செருப்பைக் கழற்றி எறிந்தேன். அது எனக்குப் பயப்படவில்லை. நான்தானே அதற்குச் சோறு போடுகிறவள். வந்து வந்து போனது. கடைசியில் தாய் மட்டும் வேலிக் கட்டையில் இருந்தாள். நான் கல்லிலிருந்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் வழித்தெடுத்து என் கைப்பைக்குள் போட்டேன். சோற்றுப் பெட்டிக்குள் அல்ல, கைப்பைக்குள். என்ன செய்கிறேன் என்றே தெரியவில்லை.

ஒரு மணித்தியாலம் கழித்து நீ வந்தாய். மூன்றாம் கூடும் போய்விட்டது, நாலாம் கூடும் போய்விட்டது என்று உன் முகமே சொன்னது. கார்க் கதவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டாய். "அம்மா, நான் நடந்துபோன பாதையைப் பார்த்துத்தான் அதுகள் கண்டுபிடிச்சிருக்குது. நான்தான் காட்டிக் குடுத்திருக்கிறன். ஒவ்வொரு நாளும் போய்ப் போய்ப் பார்த்து நானே கொண்டுட்டன்" என்றாய். உன் தலை என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. அப்போது சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது என்ன? "சாப்பிடு தம்பி." அவ்வளவுதான். எள்ளுச் சோற்றுப் பெட்டியை உன் கையில் தந்தேன். நீ சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இன்றைக்கும் நிம்மதியாக இருக்க விடுவதில்லை. மிச்சமிருந்தது ஐந்தாம் கூடு. அதற்குக் கிட்டவே போகப்போவதில்லை என்று நீ அன்றைக்கு முடிவெடுத்தாய். காருக்குள் என் பக்கத்திலிருந்து தொலைநோக்கியால் மட்டும் பார்த்தாய். அதே நாளிலிருந்து நானும் சோறு வைப்பதை நிறுத்தினேன். இரண்டு சனிக்கிழமை போனது. குஞ்சுகள் வெளியே வந்தன. விவசாயி சொன்னபடி அதுவரை புல்லில் கை வைக்கவில்லை. நீ கைகொட்டிச் சிரித்தாய். "பார்த்தீங்களே அம்மா, நான் போகேல்லை, அதுகள் தப்பிட்டுது!" என்றாய். உன் ஆய்விலும் அப்படியே எழுதினாய்: ஆராய்பவர் அடிக்கடி போய்வந்த நாலு கூடும் அழிந்தன, போகாத கூடு பிழைத்தது என்று. நேர்மையான பிள்ளை, உன் மேலேயே பழியைப் போட்டு எழுதினாய். பேராசிரியையும் உன் நேர்மையைப் பாராட்டினா. இரண்டு காரியம் ஒரே நாளில் நின்றது என்பது உனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்ததை வைத்து நீ சரியாகத்தான் கணக்குப் பார்த்தாய். தெரியவேண்டியதை நான் மறைத்துவிட்டேன்.

பருவம் முடிந்து நீ கொப்பியைக் கேட்டபோது தொலைந்துவிட்டது என்றேன். தொலையவில்லை. அரிசி வாளியின் அடியில் பையில் சுற்றி வைத்திருந்தேன். இந்த வீட்டில் அரிசி வாளிக்குள் கை வைப்பது நான் ஒருத்திதான். அதற்குப் பிறகு நீ வயலுக்கு இறங்கவே இல்லை. வரைபடம், கணினி, தூரத்தில் கருவி வைத்துப் பதிந்த சத்தங்கள். மேசை வேலை உனக்குப் பிடித்துப்போய்விட்டது என்று அப்பா நினைத்தார். நானும் அப்படி நினைக்கப் பார்த்தேன். வீட்டில் கரப்பான் பூச்சியைக்கூட நீ இப்போது என்னைத்தான் அடிக்கச் சொல்கிறாய் என்று பகிடி பண்ணினேன். பகிடி பண்ணுவது எனக்குச் சுகம்.

குளிர்ப்பெட்டிக்கு முன்னால் வொய்லியைப் பற்றி நான் ஏன் அவ்வளவு கோபப்பட்டேன் என்று இப்போது விளங்குகிறதா? பயத்தில் குட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடியவள் நான். கூட்டுக்கு மேல் கத்திக் கத்தி அடித்துக்கொண்டிருந்தாளே அந்தக் கொக்லு, அவளை நேரில் பார்த்துவிட்டு வந்து, ஒரு மணித்தியாலத்திலேயே உன்னைக் கீழே போட்டேன். பழி உன் மேல் விழட்டும், நான் நல்ல அம்மாவாக இருந்துகொள்கிறேன் என்று. வொய்லிக்காவது பின்னால் நரி நின்றது. எனக்குப் பின்னால் என்ன நின்றது? என் பிள்ளை என்னை ஒரு மாதிரிப் பார்ப்பானே என்ற பயம். அதை மட்டும் நினைத்துக்கொண்டு மூன்று வருடம் ஓடினேன்.

சோறுதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். உன் கால்தடமும் கொடியும் கொஞ்சம் காட்டிக் கொடுத்திருக்கலாம். ஆனால் ஆறு காகத்தை அந்தக் கல்லுக்கு வரப் பழக்கியவள் நான். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டியவன் நீ. அது உன் தொழில், நான் உதவியாளர் மட்டும். உன் பேராசிரியையிடம் இதைச் சொல்லத்தான் வேண்டும். உன் ஆய்வில் ஒரு பிழை இருக்கிறது, அதைச் செய்தவள் நான். நீ மட்டும் போய் நிற்காதே. நானும் வருகிறேன். என் கார்டெரிப் பிரெஞ்சு இதற்குப் போதும். குளிக்கும்போது சொல்லிப் பார்த்துவிட்டேன்: "செ முவா, மதாம்." நான்தான், மதாம். அதற்குப் பிறகு உள்ளதை நீ விளங்கப்படுத்து.

புத்தி சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதோ தெரியாது, ஆனால் அம்மாவாயிற்றே, ஒன்றைச் சொல்லாமல் விடமாட்டேன். பிழை செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு. அன்றைக்குச் சொல்லியிருந்தால் நீ என்னோடு ஒரு கிழமை கதைக்காமல் இருந்திருப்பாய். கதவைப் படாரென்று சாத்தியிருப்பாய். நான் வாசலில் சாப்பாட்டுக் கோப்பையோடு நின்றிருப்பேன். அவ்வளவுதான் நடந்திருக்கும். இப்போது பார், நான் மறைத்தது உன் கைவரைக்கும் வந்து, ஒரு உயிரைத் தூக்கவே உன்னைப் பயப்படவைத்துவிட்டது. வேலி போட்டுப் போட்டே உன்னை வளர்த்தவள், உன்னைக் கெடுதல் அண்டாமல் காக்கிறேன் என்று அந்தக் கெடுதலைக் கையில் பிடித்துச் சோறூட்டியிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. போ என்றும் சொல்ல மாட்டேன், நில் என்றும் சொல்ல மாட்டேன். நீ நின்றால் என் மனம் குளிரும், அதை ஒளிக்கவில்லை. ஆனால் நான் சொன்ன பொய்க்காக நீ நிற்கக் கூடாது. உன் கை கொல்லும் கை அல்ல. ஐந்து வாயுள்ள ஒரு கூட்டை இரண்டு விரலால் விலக்கி எனக்குக் காட்டிவிட்டு, புல்லை ஒவ்வொன்றாய்த் திரும்ப மூடிவிட்ட கை. நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். எனக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமைகளுக்கு நன்றி, தம்பி. என் பக்கத்தில் வாய் திறந்து நித்திரைகொண்டதற்கு நன்றி. பரீட்சையில் தவறியதற்குக்கூட நன்றி. பறவை பார்க்கத் தெரிந்தவளாக என்னை நம்பியதற்கு நன்றி. கோபம் வந்தால் கோபப்படு. இந்த முறை நான் தயிர் எடுக்கப் போக மாட்டேன். ஐந்து மணிக்கு வேலை முடிந்து வந்து, உனக்கு முன்னால் கதிரையில் இருப்பேன்.

இப்போது கொப்பியைத் திற. நீ கேட்டபடி ஒன்றையும் விடாமல் எழுதியிருக்கிறேன். சனிக்கிழமைதோறும் நேரம் இருக்கிறது, எத்தனை காகம் வந்தது என்று இருக்கிறது, சோறு வைத்ததும் இருக்கிறது. உன் குறிப்புகளோடு பக்கத்தில் வைத்துப் பார். முடிந்தபின் கடைசிப் பக்கத்துக்குப் போ. நான் அன்றைக்குக் காருக்குள்ளிருந்து எழுதியது அப்படியே இருக்கிறது:

"சனி, காலை 10.40. ஐந்தாம் கூடு. குஞ்சு மூன்று வெளியே வந்துவிட்டது. ஒன்று வேலியில் ஏறி விழுந்து திரும்பவும் ஏறியது. மகன் சிரிக்கிறான். காகம் இல்லை. சோறு வைக்கவில்லை."

அம்மா